உறையும் புரதம், ஒளிரும் துகள்

பெரம்பலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருச்சி கருப்பு என்னும் நம் பகுதிச் செம்மறியும் அந்தக் கிடைகளில் இருக்கும். கூட்டத்தில் ஓர் ஆடு மட்டும் வேலிக்கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றால், ஆட்டுக்காரர் அதைப் பிடித்து ரோமத்தை விலக்கிப் பார்ப்பார். அநேகமாக உண்ணி இருக்கும், இல்லையென்றால் சொறி. மருந்து போட்டதும் சரியாகிவிடும்.

இங்கிலாந்தில் 1700களிலிருந்தே ஆடு வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பயங்கரமான ஒரு தேய்ப்பு தெரியும். ஆடு ரோமமெல்லாம் உதிரும்வரை உடம்பைத் தேய்க்கும். தோலில் உண்ணியும் இருக்காது, சொறியும் இருக்காது. சில மாதங்களில் கால் தடுமாறும், விழும், இறந்துபோகும். இறந்த ஆட்டின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்பாஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். இதற்கு ஸ்கிரேப்பி என்று பெயர். நம் நாட்டிலும் இமயமலை அடிவாரத்து ஆடுகளில் இது இருந்ததை 1961-இல் ஸ்லோட்னிக், கட்டியார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள்.

ஒரு ஆட்டிடமிருந்து இன்னொரு ஆட்டுக்கு ஒட்டுகிறது என்றால் கிருமி இருக்க வேண்டும் அல்லவா? தேடித்தேடிப் பார்த்தும் பாக்டீரியா கிடைக்கவில்லை, வைரஸும் கிடைக்கவில்லை. 1967-இல் லண்டனில் டிக்வா ஆல்பர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஸ்கிரேப்பி பீடித்த மூளையின் சாற்றின்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். அந்தக் கதிர் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் சிதைத்துவிடும். எந்தக் கிருமியும் பெருக அவை வேண்டும். ஆனால் கதிர் பட்ட பிறகும் அந்தச் சாறு நோயை உண்டாக்கியது! அப்படியென்றால் நோயைப் பரப்புவதற்கு உயிரே கிடையாதா?

உயிரில்லைதான். 1982-இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர், நோயைப் பரப்புவது வெறும் புரதம் என்று சொல்லி, அதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தார். பலர் நம்ப மறுத்தார்கள். அவர் விடாமல் ஆராய்ந்தார். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பருப்பிலும் முட்டையிலும் புரதம் இருக்கிறது, அது எப்படி நோயைப் பரப்பும் என்று கேட்கத் தோன்றும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலி நீளமாகவே கிடக்காது. சுருண்டு, மடிந்து, தனக்கென்று ஒரு வடிவத்துக்கு வரும். வடிவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

புரதச் சங்கிலி எந்தெந்த வகையில் வளைய முடியும், எப்படி வளையவே முடியாது என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. உலகம் முழுக்க உயிரியல் மாணவர்கள் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றே படிக்கிறார்கள். அது உருவானது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி. என். ராமச்சந்திரன், தன்னோடு வேலை செய்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் வெளியிட்டார். இந்த ராமச்சந்திரன், திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமனின் மாணவர். ராமன் பிறந்த காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஆகவே இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரத்துக் கதை இல்லை.

ராமச்சந்திரன் வரைபடத்தில் இரண்டு பகுதிகள் முக்கியமானவை. சங்கிலி சுருள் சுருளாகச் சுற்றினால் அது ஒரு பகுதியில் விழும். மடிப்பு மடிப்பாக நீண்டு தகடானால் இன்னொரு பகுதியில் விழும். நம் மூளைச் செல்களின் மேல் பிரியான் புரதம் என்று ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. உங்கள் மூளையிலும் இருக்கிறது, என் மூளையிலும் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியின் பின்பாதி பெரும்பாலும் சுருள்களால் ஆனது. அது நல்ல பிள்ளை. நோய் வந்த மூளையில் இருப்பதும் அதே சங்கிலிதான், அதே அமினோ அமிலங்கள், அதே வரிசை. ஆனால் சுருள்கள் போய்த் தகடுகளாகிவிட்டன. அந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாராக வளர்கின்றன. அந்த அடுக்கு எப்படி இருக்கிறது என்பது 2021-இல்தான் மின்னணு நுண்ணோக்கியின் வழியே தெளிவாகத் தெரிந்தது.

பரவுவது எப்படி என்றால், காய்ச்சி ஆறிய பாலில் அம்மா ஒரு கரண்டி மோரை விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பானை முழுக்கத் தயிர். அதுபோல, கெட்டுப்போன பிரியான் ஒன்று நல்ல பிரியான்களைத் தொட்டால், அவையும் அதன் வடிவத்துக்கு மாறுகின்றன. மாறியவை அடுத்தவற்றை மாற்றும். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. உறைமோரில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது, அதுதான் பெருகுகிறது. பிரியானில் பெருகுவதற்கு எந்த உயிரும் இல்லை. வடிவம் மட்டுமே பெருகுகிறது. அதனால்தான் சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் பிரியான் சாவதில்லை, சாவதற்கு அதற்கு உயிர் வேண்டுமே! மருத்துவமனைக் கருவிகளில் பிரியான் ஒட்டியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள், அல்லது சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறப் போடச் சொல்கிறார்கள்.

1986-இல் பிரிட்டனில் மாடுகள் தள்ளாடி விழுந்தன. பைத்தியக்கார மாட்டு நோய் என்று செய்தித்தாள்கள் எழுதியது இதைத்தான். பிரிட்டனில் மட்டும் 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுத் தீவனத்தில் கலந்ததுதான் காரணம். புல் தின்னும் பிராணிக்கு எலும்பு மாவைக் கொடுத்திருக்கிறார்கள்! 1988-இல் அந்தத் தீவனத்துக்குத் தடை வந்தது. 1996-இல் அந்த நோய் மனிதர்களுக்கும் வந்திருப்பதாக அரசே அறிவித்தது. அங்கே 178 பேர் இறந்தார்கள். பலர் இளவயதினர்.

நம் வீட்டு மாட்டுத் தொட்டியை எட்டிப் பாருங்கள். மக்காச்சோளத் தட்டை, வைக்கோல், கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு. பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் எவ்வளவு விளைகின்றன என்று உங்களுக்கே தெரியும். மாடு தின்பதெல்லாம் செடியிலிருந்து வருவதுதான். இந்தியாவில் இந்த மாட்டு நோய் கண்டறியப்படவில்லை. இந்த நோய்க்கான ஆபத்து மிகக் குறைவாக உள்ள நாடு என்று உலக விலங்குச் சுகாதார அமைப்பு 2010-இல் நம்மை அங்கீகரித்தது. பாலைக் குடிக்கப் பயப்பட வேண்டாம், பால் வழியாக அது பரவுவதில்லை.

அப்படியானால் நமக்கென்ன என்று விட்டுவிடலாமா? முடியாது. மனிதர்களுக்கு வரும் பிரியான் நோயில் பெரும்பாலானது மாட்டிலிருந்தும் வருவதில்லை, ஆட்டிலிருந்தும் வருவதில்லை. எந்தக் காரணமும் தெரியாமல், வயதானவர்களின் மூளையில் ஒரு பிரியான் தானாகவே தப்பாக மடிந்து தொடங்குகிறது. இதற்கு குரோய்ட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோய் என்று பெயர், சுருக்கமாக சி.ஜே.டி. பக்கத்தில் உட்கார்ந்தாலோ தொட்டாலோ ஒட்டாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கணக்குதான்.

இப்போது பென்சிலை எடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர், அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர். கூட்டினால் 13 லட்சத்துக்குச் சற்று மேல். உலகக் கணக்கை இங்கே பொருத்தினால், நம் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஆண்டுக்கு ஒருவராவது, சில ஆண்டுகளில் இரண்டு பேராவது இந்த நோயால் பாதிக்கப்படலாம். அவர் யாரோ ஒருவர் வீட்டுத் தாத்தா, யாரோ ஒருவர் வீட்டு அப்பாயி. திடீரென்று பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோகும். நடை தள்ளாடும். கை கால் வெடுக்கென்று துள்ளும். பெரும்பாலானோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவார்கள். வயசாயிடுச்சு, அதான் என்று ஊரார் சொல்வார்கள். என்ன நோய் என்றே தெரியாமல் போய்விடும்.

இந்தியாவில் இந்த நோயாளிகளைப் பற்றிய பதிவேட்டைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொடங்கினார்கள். 1971 முதல் 1990 வரை நாட்டில் கண்டறியப்பட்டவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் சதீஷ்சந்திராவும் எஸ். கே. சங்கரும் 1991-இல் கட்டுரை எழுதினார்கள். அந்தக் காலத்தில் உறுதியாகச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. மூளைத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. பெரும்பாலும் நோயாளி இறந்த பிறகுதான் அது நடக்கும்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? கொரோனா காலத்தில் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு பி.சி.ஆர். சோதனை செய்தார்கள். அது வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை. பிரியானுக்கு மரபணுவே கிடையாது, தேட ஒன்றுமில்லை. சரி, நம் உடம்பு கிருமியை எதிர்க்க உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடலாமா? அதுவும் இல்லை. பிரியான் நம் உடம்பின் சொந்தப் புரதம். உடம்பு அதைப் பகையாகவே நினைப்பதில்லை, காய்ச்சல்கூட வராது. நல்லதும் கெட்டதும் ஒரே சங்கிலி. வேறுபாடு வடிவத்தில் மட்டும். அதுவும் நானோமீட்டர் அளவில். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வடிவம் மாறியிருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

வெளிச்சத்தைக் கேட்கலாம். அதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைக்காரர் வைத்திருக்கும் ஊதா டார்ச் ஒன்றை வீட்டுப் பெரியவர் உதவியுடன் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சிறிய கண்ணாடி டம்ளர்களை எடுங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் கை துடைக்கும் சானிடைசர் கொஞ்சம். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கி, தூள் அடியில் தங்கும்வரை விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அடியுங்கள். யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது, சானிடைசரை அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் டம்ளர் மங்கலாக நிற்கும். சானிடைசர் டம்ளர் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று ஒளிரும். டார்ச்சிலிருந்து வந்தது ஊதா, டம்ளரிலிருந்து வருவது பச்சை மஞ்சள். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒளியை வாங்கி, தெரியும் நிறத்தில் திருப்பித் தருவதைத்தான் ஒளிர்தல் என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு டம்ளரிலும் அதே மஞ்சள்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரைய மறுக்கிறது, ஒளிரவும் மறுக்கிறது. சானிடைசரில் உள்ள ஆல்கஹாலில் கரைந்து வசதியாக உட்கார்ந்ததும் ஒளிர்கிறது. எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஒளி மாறுகிறது! அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கால்சியம் கார்பனேட். அதே பொருள் கால்சைட் படிகமாக இருக்கும்போது, அதில் கொஞ்சம் மாங்கனீசு கலந்திருந்தால் புற ஊதா ஒளியில் செக்கச்செவேலென்று ஒளிரும், கலக்காத கால்சைட் பேசாமல் கிடக்கும். உள்ளே ஒளிந்திருப்பதை ஒளி காட்டிக்கொடுக்கிறது.

மஞ்சள் செய்ததையே தயோஃபிளேவின் டி என்ற சாயமும் செய்யும். தண்ணீரில் இருந்தால் கிட்டத்தட்ட இருட்டு. பிரியான் தகடுகள் அடுக்கி நாராக வளர்ந்தால், அந்த நாரின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டு பிரகாசமாக ஒளிரும். நல்ல பிரியானில் அதற்கு உட்கார இடமில்லை. ஆக, வடிவத்தைக் கேட்டால் பதில் சொல்லும் சாயம் கிடைத்துவிட்டது.

ஆனால் நோயாளியிடமிருந்து எடுக்கும் துளியில் கெட்ட பிரியான் மிக மிகக் கொஞ்சமே இருக்கும். அது போதாது. இங்கேதான் உறைமோர்க் கணக்கு மருத்துவத்துக்கு உதவுகிறது. ஆய்வகத்தில் தயாரித்த நல்ல பிரியான் புரதத்தை அந்தச் சாயத்தோடு சேர்த்துச் சோதனைத் தட்டின் சிறு குழியில் நிரப்பி, அதில் நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் ஒரு சொட்டை விடுகிறார்கள். குலுக்குகிறார்கள், நிறுத்துகிறார்கள், திரும்பக் குலுக்குகிறார்கள். கெட்ட பிரியான் ஒரு துளி இருந்தால்கூட நல்லவை எல்லாம் அதன் வடிவத்துக்கு மாறி நாராகும். சாயம் ஒளிரத் தொடங்கும். ஒளியைக் கருவி அளந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் குழி இருட்டாகவே இருக்கும். நோயை வளர்க்கும் அதே தந்திரத்தை வைத்தே நோயைப் பிடிக்கிறார்கள், எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜப்பானில் அடராஷி என்ற விஞ்ஞானியின் குழு 2011-இல் இதை நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் செய்து காட்டியது. நோய் இருந்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோரைச் சரியாகக் காட்டியது, நோய் இல்லாதவர் ஒருவரைக்கூடத் தவறாகக் காட்டவில்லை.

இன்னொரு வழியில் சாயத்துக்குப் பதில் ஒளிரும் நானோ துகள்களை அனுப்புகிறார்கள். குவாண்டம் புள்ளிகள் என்று அவற்றுக்குப் பெயர். காட்மியமும் செலினியமும் சேர்ந்த மிகச் சிறிய படிகங்கள். அளவு மாறினால் நிறம் மாறும். சுமார் 2 நானோமீட்டர் என்றால் நீலம், 6 நானோமீட்டர் என்றால் சிவப்பு, இடையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. பொருள் ஒன்றே, பருமன் மட்டும் வேறு! இதைக் கண்டுபிடித்து வளர்த்த எக்கிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சாயம் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். குவாண்டம் புள்ளி நீண்ட நேரம் வெளுக்காமல் நிற்கும்.

புள்ளிக்குப் பிரியானை அடையாளம் தெரியாதே? அதற்கு ஆப்டமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டைப் புள்ளியின்மேல் கட்டுகிறார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் அந்தத் துண்டின் வேலை. சீனாவின் தென்மேற்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இரண்டு ஆப்டமர்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்று குவாண்டம் புள்ளியில். இன்னொன்று காந்தத்துக்கு இழுபடும் சின்ன மணியில். இரண்டும் பிரியானின் வெவ்வேறு இடங்களைப் பிடிப்பவை. கெட்ட பிரியான் வந்தால் ஒரு பக்கம் மணியும் மறு பக்கம் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் காந்தத்தைக் காட்டினால் மணி ஓடிவரும், அதோடு பிரியானும் வரும், பிரியானோடு புள்ளியும் வரும். ஒட்டாத புள்ளிகளைக் கழுவி ஊற்றிவிட்டுப் புற ஊதா ஒளியைக் காட்டினால், ஒளி இருந்தால் பிரியான் இருக்கிறது.

இவ்வளவு அழகான முறை ஏன் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இல்லை என்று கேட்பீர்கள். இரத்தத்தில் மற்ற புரதங்கள் கோடிக்கணக்கில் நீந்துகின்றன, நல்ல பிரியானும் அதில் உண்டு. தப்பான இடத்தில் ஒரு புள்ளி ஒட்டினாலும் பொய்யான பதில் வரும். காட்மியம் நஞ்சு, அதனால் சோதனையை உடம்புக்கு வெளியேதான் செய்ய முடியும். ஆனாலும் இரத்தத்தில் பிரியானைப் பிடிக்கும் சோதனை அவசரமாக வேண்டும். பிரிட்டனில் மாட்டு நோயிலிருந்து வந்த பிரியான், இரத்தம் ஏற்றியதன் வழியாகவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருக்கலாம் என்பது பின்னர் தெரியவந்தது.

உங்களில் ஒருவர் கட்டாயம் இதையும் கேட்பீர்கள். இந்த நோய்க்கு மருந்தே இல்லையே, பிறகு கண்டுபிடித்து என்ன செய்வது? நல்ல கேள்வி. சி.ஜே.டி. மாதிரியே தொடங்கும் வேறு மூளை நோய்கள் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகத் தன் மூளையையே தாக்குவது அவற்றில் ஒன்று. அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பலர் எழுந்து நடக்கிறார்கள். ஆகவே இது பிரியான் இல்லை என்று சொல்லும் சோதனைகூட ஓர் உயிரைக் காப்பாற்றும். பிரியானாகவே இருந்தாலும், வீட்டார் ஊர் ஊராக அலைந்து, நிலத்தை விற்றுச் செலவழிக்காமல், இருக்கும் நாட்களில் அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குர்குமின் பிரியான் நார்களில் ஒட்டுகிறது என்பது ஆய்வகக் குழாயில் கண்ட உண்மை. அதை வைத்து மஞ்சள் பால் குடித்தால் மூளை நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாயில் நடப்பதெல்லாம் மூளைக்குள் நடப்பதில்லை. மஞ்சள் குழம்புக்கு நல்லது, நம் சோதனைக்கும் நல்லது, அவ்வளவே.

ஆடுகளில் தொடங்கிய இந்த ஆராய்ச்சி இப்போது பிரியானைத் தாண்டிப் போய்விட்டது. கை நடுங்கும் பார்க்கின்சன் நோயிலும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற வேறொரு புரதம் தப்பாக மடிந்து நாராகிறது. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் நோய் இல்லை. ஆனால் அதே குழி, அதே குலுக்கல், அதே ஒளிரும் சாயம் கொண்டு அந்த நோயையும் முதுகுத்தண்டு நீரில் கண்டுபிடிக்க முடிகிறது. 2023-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நடுக்கம் தொடங்குவதற்கு முன்பே சிலரிடம் ஒளி தெரிந்தது. பிரியான் நோய் அபூர்வமானது, பார்க்கின்சன் அப்படியில்லை. குன்னத்திலோ செந்துறையிலோ ஜெயங்கொண்டத்திலோ டீக்கடை பெஞ்சில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கும் பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். அவரைப் போன்றவர்களுக்கு மூளை இன்னும் நன்றாக இருக்கும்போதே கொடுக்கக்கூடிய மருந்தைத் தேடுவோருக்கு, யாருக்கு முதலில் கொடுத்துப் பார்ப்பது என்று காட்டுவது இந்த ஒளிதான்.